காசு கூடியும் ஏன் மனம் நிறையவில்லை? விசுவமடுவில் இருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் விசுவமடுவைச் சேர்ந்த ஒரு சகோதரி. தனக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை, கணவர் மேசன், பிரான்சில் இருக்கும் அண்ணா மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறார் என்று எழுதியிருக்கிறார். வீட்டுக்கு மாபிள் பதித்தாயிற்று, மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்தாயிற்று, ஒரு கிழமைக் கடனும் (வாரம் வாரம் கட்டும் நுண்கடன்) ஓடுகிறது, வருகிற ஆவணியில் மகளின் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா). "ஆனால் 2010 இல் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தபோது சிரித்த அளவுகூட இப்போது சிரிப்பதில்லை. நாங்கள் காசைப் பிழையாகச் செலவழிக்கிறோமா?" இதுதான் அவர் கேட்டது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காசு உண்மையில் சந்தோசம் தருமா என்பது ஒன்று. நாங்கள் செய்த செலவுகளில் எது மனதுக்கு ஒன்றும் தராமல் போனது என்பது மற்றது. இவற்றுக்கு அடியில் ஒரு குற்ற உணர்வும் தெரிகிறது. ஒன்றுமில்லாமல் வந்த எங்களுக்கு இவ்வளவு கிடைத்த பிறகும் மனம் நிறையவில்லை என்றால் அது எங்கள் பிழைதானே என்கிற மாதிரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: அது உங்கள் பிழை இல்லை. இதே கதையை வன்னியில் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

நான் படித்தது பொருளியல். பிறகு பல வருடங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களோடு வேலை செய்தேன். அதனால் செலவும் மனநிலையும் பற்றிய ஆய்வுகளை வாசித்தபோதெல்லாம், இது எங்கள் ஊருக்குப் பொருந்துமா என்ற கேள்வியோடுதான் வாசித்தேன். அவற்றில் எது உறுதியாக நிற்கிறது, எது ஆட்டம் காண்கிறது என்பதைப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

காசில் ஒன்றுமில்லை, மனம்தான் முக்கியம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2010 இல் டானியல் கானமனும் அங்கஸ் டீட்டனும் அமெரிக்காவில் நான்கரை இலட்சம் பதில்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருட வருமானம் 75,000 டொலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி மேலும் கூடுவதில்லை என்றது அது. பிறகு மத்தியூ கிலிங்ஸ்வேர்த் 2021 இல் அப்படி ஒரு எல்லை தெரியவில்லை என்று காட்டினார். கடைசியில் 2023 இல் கானமனும் கிலிங்ஸ்வேர்த்தும் சேர்ந்தே கணக்குப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது, மிகவும் துயரத்தில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் ஓர் அளவுக்கு மேல் நின்றுவிடுகிறது என்பதே முடிவு. இந்தச் சண்டை எல்லாம் வசதியான நாட்டின் மேல்தட்டைப் பற்றியது. அடிமட்டத்தில் காசு மனதைத் தேற்றும் என்பதில் எந்தப் பக்கத்துக்கும் சந்தேகம் இல்லை. கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்குத் திருப்பித் தரத் தேவையில்லாத காசு கொடுத்து 2016 இல் வெளியிட்ட ஆய்விலும் அவர்களின் மனநிலை தெளிவாக முன்னேறியது.

2010 இன் சிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர் முடிந்து, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியே வந்து, சொந்தக் காணியில் நாலு தடி நட்டுத் தறப்பாள் கட்டிய அந்த மாதங்களில் இருந்தது உயிரோடு மிஞ்சிய ஆறுதல். அது வறுமை தந்த சந்தோசம் இல்லை. பக்கத்து வளவிலும் அதே தறப்பாள்தான், அதே நிவாரண அரிசிதான், யாரையும் பார்த்து ஏங்க இடமில்லை. மாரியில் ஒழுகிய இரவுகளும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாட்களும் நினைவில் மங்கிவிடும், சிரித்தது மட்டும் தங்கும். அந்தக் காலத்தை இன்றைக்கு அளவுகோலாக வைத்தால் இன்றைய நாள் எப்போதும் தோற்கும்.

சரி, இனிச் செலவுக்கு வருவோம். முதலில் வீட்டு நிலம், அதாவது தரை, ஏனென்றால் நீங்கள் மாபிளைத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள். மெக்சிகோவின் கோவகுயிலா மாநிலத்தில் மண் தரையில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் 50 சதுர மீற்றர் வரை சீமெந்து நிலம் போட்டுக் கொடுத்தது. மாநில எல்லைக்கு மறுபக்கம், அந்தத் திட்டம் கிடைக்காத, மற்றபடி ஒரே மாதிரியான குடும்பங்களோடு ஒப்பிட்டு 2009 இல் ஆய்வு வந்தது. பிள்ளைகளுக்குப் பூச்சித் தொல்லையும் வயிற்றோட்டமும் இரத்தச்சோகையும் குறைந்திருந்தன. தாய்மாருக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது, வாழ்க்கையில் திருப்தி கூடியிருந்தது. ஒரு சீமெந்து நிலம் செய்த வேலை அது. ஆனால் எல் சல்வடோர், மெக்சிகோ, உருகுவே ஆகிய மூன்று நாடுகளில் சேரிக் குடும்பங்களுக்குச் சிறு மரவீடுகள் கட்டிக் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வு 2018 இல் வந்தது. அதில் புது வீட்டால் வந்த திருப்தியில் 60 வீதம் ஏறத்தாழ எட்டு மாதத்தில் கரைந்துபோயிருந்தது.

இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவது போலத் தெரியும். நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன், ஆனால் இது என் கருத்து, நிரூபிக்கப்பட்டது இல்லை: ஒவ்வொரு நாளும் உடம்பை வருத்திய ஒன்றை நீக்கும் செலவு நெடுநாள் நிற்கும், கண்ணுக்கு அழகு சேர்க்கும் செலவு பழகிப்போகும். மண் தரை சீமெந்தாக மாறியபோது உங்கள் வீட்டில் நிச்சயம் ஏதோ மாறியிருக்கும். சீமெந்துக்கு மேல் மாபிள் வந்தபோது மாறியது வருகிறவர்களின் பார்வைதான். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கிடைத்த காலத்தில் இதை நேரே பார்த்தேன். அந்தக் காசுக்குள் அடங்கும் வீட்டைக் கட்டியவர்கள் ஒரு விதம். பக்கத்து வீட்டின் போர்ட்டிக்கோவைப் பார்த்து நகையை அடைவு வைத்துப் பெரிதாகக் கட்டியவர்கள் இன்னொரு விதம். பெரிய வீடு கட்டிய பலர் யன்னலுக்குக் கதவு போட முடியாமல் சாக்குத் தொங்கவிட்டிருந்தார்கள், வட்டி மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. நெதர்லாந்தில் ஒரு தெருவுக்கே பரிசு விழும் லொத்தர் ஒன்று இருக்கிறது. அதை வைத்து 2011 இல் செய்த ஆய்வில், பரிசு கிடைக்காத அயலவர்களும் புதுக் கார் வாங்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அவ்வளவு வசதியான நாட்டிலும் அயல்வீட்டைப் பார்க்கும் கண் ஓயவில்லை.

அடுத்தது கடன். உங்கள் கடிதத்தில் அது ஒரு வரிதான், ஆனால் விடையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிழமைக் கடன் அறவிடும் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்கள், கையில் சின்னப் பாஸ் புத்தகம், அதற்குள் மடித்த நோட்டுகள். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் எழும்ப முடியாது, ஏனென்றால் ஒருவருக்கு ஒருவர் பிணை. அறவிட வந்தவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வராதவளின் வீட்டுக்கு இரண்டு பேர் போவார்கள். அங்கே அவள் கோழியை விற்றுக்கொண்டோ, இன்னொருவரிடம் கைமாற்று வாங்கிக்கொண்டோ நிற்பாள். அந்த ஒரு காலையின் பயம் முந்திய நாள் பின்னேரமே தொடங்கிவிடும். அந்தப் பின்னேரத்தில் பிள்ளை ஏதாவது கேட்டால் காரணமில்லாமல் அடி விழும். காசு போவதோடு உறவும் சிதைகிறது, நேற்று வரை ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் இன்று முகம் திருப்புகிறார்கள். இந்தக் கடன்கள் வடக்குக் கிழக்கில் பெண்களை எவ்வளவு நெருக்கின என்றால், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

காசு நெருக்கடி புத்தியையும் கட்டிப்போடுமா என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவோ ஆகியோர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு அது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாமல் அடைவும் கடனுமாக இருந்தபோது சிந்தனைத் தேர்வில் குறைவாகச் செய்த அதே ஆட்கள், அறுவடைக் காசு வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். இரணைமடுக் குளத்துக்குக் கீழே காலபோக அறுவடைக்கு முந்திய மாதங்களைக் கண்டவர்களுக்கு இது புதினம் இல்லை. ஆனாலும் இதை முடிந்த முடிவாக எடுக்கக்கூடாது. அமெரிக்காவில் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் இதே மாதிரிப் பார்த்து 2016 இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. நெருக்கடி மனதைத் தின்னும் என்பது உறுதி. புத்தியின் வேகத்தை எவ்வளவு குறைக்கும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பிரித்தானியாவில் 585 வங்கி வாடிக்கையாளர்களை வைத்து 2016 இல் வந்த இன்னோர் ஆய்வு, வருமானம் எவ்வளவு என்பதைவிட உடனே எடுக்கக்கூடிய காசு கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதே வாழ்க்கைத் திருப்தியோடு நெருங்கிப் போகிறது என்கிறது. அது ஒரு தொடர்பு மட்டும்தான், காரணமா என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் என் அனுபவமும் அதே பக்கம்தான். சங்கத்தில் பத்தாயிரம் ரூபாய் சேமிப்பு கிடக்கும் பெண்ணுக்கும் ஒன்றும் இல்லாத பெண்ணுக்கும் வருமானம் ஒன்றாக இருந்தாலும் பேச்சே வேறு மாதிரி இருக்கும். முதலாமவள் அடுத்த போகத்தைப் பற்றிப் பேசுவாள், மற்றவள் அடுத்த திங்களைப் பற்றி.

இனிச் சாமத்திய வீடு. இதில் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவது சுலபம். வீண் ஆடம்பரம், நிறுத்துங்கள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சிதறிய சொந்தங்கள் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவதற்கு எங்களுக்கு மிஞ்சியிருக்கும் சந்தர்ப்பங்கள் கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு இவைதான். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அங்கேதான் தெரிகிறது. அதற்குச் செலவழிக்கும் காசு வீண் இல்லை. மற்றவர்களுக்காகச் செலவழிப்பது சந்தோசம் தரும் என்பதற்கு ஆதாரமும் நிறைய உண்டு. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கல் நோட்டன் 2008 இல் கனடாவில் 46 பேருக்குக் காலையில் ஐந்து அல்லது இருபது டொலர் கொடுத்து, பின்னேரம் ஐந்து மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தங்களுக்கு வாங்கியவர்களைவிடப் பிறருக்குக் கொடுத்தவர்கள் அதிகம் மகிழ்ந்திருந்தார்கள், தொகை ஐந்தா இருபதா என்பது வித்தியாசம் காட்டவில்லை. 46 பேர் மிகக் குறைவு என்ற குறை நியாயமானது. பிறகு 136 நாடுகளின் தரவைப் பார்த்தபோது 120 நாடுகளில் கொடுப்பவர்களிடம் திருப்தி கூடுதலாகத் தெரிந்தது. 2020 இல் 712 பேரை வைத்து மறுபடி செய்த சோதனையிலும் விளைவு இருந்தது. ஆனால் முந்திய செலவை நினைத்துப் பார்க்கச் சொன்ன சோதனைகளில் அது மெல்லியதாகவே வந்தது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அது எங்களுக்கு மிக முக்கியம். கட்டாயத்துக்குக் கொடுக்கும்போது அந்தச் சந்தோசம் வருவதில்லை, தானாக விரும்பிக் கொடுக்கும்போதுதான் வருகிறது என்று நெட்டா வைன்ஸ்டைனும் ரிச்சர்ட் ரயனும் 2010 இல் காட்டினார்கள். இதை வைத்து எங்கள் கொண்டாட்டத்தைப் பாருங்கள். சனம் எல்லாம் போன பிறகு, இரவு பதினொரு மணிக்கு, வீட்டுக்காரர் பாயில் இருந்து கவர்களைப் பிரிப்பார்கள். ஒருவர் பெயரைச் சொல்ல, ஒருவர் காசை எண்ண, படித்த பிள்ளை ஒன்று சி.ஆர். கொப்பியில் எழுதும். யார் ஆயிரம், யார் ஐயாயிரம், யார் வெறும் கவர். அந்தக் கொப்பி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அவர்கள் வீட்டுக் கொண்டாட்டம் வரும்போது அதை எடுத்துப் பார்த்து, வந்ததற்குக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஆவணியில் நாலு அழைப்பிதழ் வந்தால் அது நாலு கடன். கொடுப்பவருக்கும் அதில் சந்தோசம் இல்லை, வாங்குபவருக்கும் நிம்மதி இல்லை. மண்டபம், வீடியோ, டிரோன் கமரா, ஏழெட்டு உடுப்பு மாற்றம் என்று கூட்டும்போது கொப்பியில் எழுதப்படும் தொகையும் கூடத்தான் வேண்டும். அப்போதுதானே செலவைப் பிடிக்கலாம்? கூடிச் சாப்பிடுவதில் உள்ள இன்பத்தை இந்தக் கணக்குத் தின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் சாப்பாட்டில் குறைக்காதீர்கள், கூப்பிடும் சொந்தத்தில் குறைக்காதீர்கள், கமராவுக்காகச் செய்வதைக் குறையுங்கள். சில வீடுகளில் அழைப்பிதழிலேயே அன்பளிப்பு வேண்டாம் என்று அச்சடித்தார்கள். முதலில் ஊர் ஒரு மாதிரிப் பார்த்தது, பிறகு இல்லாதவர்கள்தான் மனம் நிறைந்து வந்து போனார்கள். இன்னொன்று, மகளைக் கேட்டீர்களா? அந்த வயதில் பல பிள்ளைகளுக்கு இது கூச்சம். அவளுக்குப் பிடிக்காத ஒன்றுக்காக இரண்டு வருடம் கடன் கட்டுவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

பொருள் வாங்குவதைவிடப் பயணம், விழா போன்ற அனுபவங்களுக்குச் செலவழிப்பதே மேல் என்று அடிக்கடி வாசித்திருப்பீர்கள். 2003 இல் வந்த ஓர் ஆய்வில் இருந்து பரவிய கருத்து அது. எங்கள் ஊருக்கு இதை அப்படியே எடுக்க வேண்டாம். வசதி குறைந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லாமல் போகிறது, நல்ல பொருளும் அதே அளவு திருப்தி தருகிறது என்று 2018 இல் காட்டியிருக்கிறார்கள். மகள் ரியூசனுக்குப் போகும் சைக்கிள் ஒரு பொருள்தான், ஆனால் அது அவளின் பின்னேரத்தையே மாற்றுகிறது. உங்கள் மோட்டார் சைக்கிளும் கணவருக்கு வேலைக்குப் போக உதவினால் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். நேரத்தை மிச்சம் பிடிக்கும் செலவு நல்லது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2017 இல் நான்கு நாடுகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் அதைப் பார்த்தார்கள். அங்கே அது வீடு துடைக்க ஆள் வைப்பது, எங்களுக்கு அது கிணற்றுக்கு ஒரு தண்ணீர் மோட்டர். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வந்த பிறகு முப்பது வாளி அள்ளும் பெண்ணுக்கு அந்த மோட்டர் தரும் ஆறுதல் எட்டு மாதத்தில் கரையும் என்று நான் நினைக்கவில்லை.

இவை எல்லாம் சராசரிக் கணக்குகள் என்பதை மறக்க வேண்டாம். கலகலப்பான ஆளுக்குப் பொருந்தும் செலவு அமைதியான ஆளுக்குப் பொருந்தாது என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது. அதைவிடப் பெரிய எல்லை ஒன்று வன்னிக்கே உரியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு இருந்த தாய்மாரைப் பாருங்கள். அவர்கள் தேடி அலைந்த பஸ் காசை எந்த அளவுகோலில் வைப்பது? அந்தச் செலவு சந்தோசத்துக்காகச் செய்தது இல்லை, செய்யாமல் இருக்க முடியாது என்பதற்காகச் செய்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இழப்பு இருந்தால், சிரிப்புக் குறைந்ததற்குக் காரணத்தை மாபிளிலும் லீசிங்கிலும் மட்டும் தேட வேண்டாம். தூக்கம் இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல் கிழமைக்கணக்காக இருந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், காசு கட்டத் தேவையில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அண்ணாவின் காசில் முதலில் கிழமைக் கடனை முடியுங்கள், அதே கையோடு சங்கத்திலோ வங்கியிலோ ஒரு மாதச் செலவைத் தொடாத சேமிப்பாக வையுங்கள். சாமத்திய வீட்டை அதற்குப் பிறகு மிஞ்சும் காசுக்குள் செய்யுங்கள். அண்ணா தாய்மாமன், தங்கச்சி வீட்டுக் கொண்டாட்டம் பெரிதாக நடக்க வேண்டும் என்று அவருக்கும் இருக்கும். அவரோடு வெளிப்படையாகப் பேசுங்கள். கொடுத்த காசு என்ன செய்தது என்று கண்ணுக்குத் தெரியும்போது கொடுப்பவரின் சந்தோசமும் கூடுகிறது. நுளம்பு வலைக்கென்று குறிப்பிட்டுக் கேட்ட அமைப்புக்கும் பொதுவாகக் கேட்ட அமைப்புக்கும் கொடுத்தவர்களை ஒப்பிட்டு 2013 இல் இதைப் பார்த்திருக்கிறார்கள். கடன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் அவர் மண்டப அலங்காரத்தைப் பார்ப்பதைவிட நிம்மதி அடைவார் என்றுதான் நினைக்கிறேன். லீசிங்கை இப்போது அவசரப்பட்டு முடிக்க வேண்டாம். முன்கூட்டிக் கட்டினால் முழுத் தொகை எவ்வளவு, அதில் தண்டப்பணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகையையும் கிழமைக் கடனின் மீதியையும் வட்டியையும் இங்கே எழுதினால், லீசிங்கை எப்போது முடிப்பது இலாபம் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.